பிள்ளையும் பல்லும்

செஞ்சிக் கோட்டையை 2025-ல் யுனெஸ்கோ சபையார் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தார்களல்லவா? அதைப் பார்க்கும் சாக்கில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ராஜகிரியின் உச்சிவரை ஏறுவதாக உத்தேசம். ஆனால் கல்யாண மகாலோடு என் யாத்திரை முடிந்துவிட்டது.

காரணம், ஒரு கொய்யாப்பழம்.

உடன் வந்திருந்த தங்கை மகளுக்கு ஐந்தாவது மாதம். மகால் நிழலில் உட்கார்ந்து கொய்யாவைக் கடித்தாள். கடித்த இடத்தில் ரத்தம்!

"என்னம்மா இது?" என்று பதறினேன்.

"ஒரு மாதமாய் இப்படித்தான், மாமா. பிரஷ் பட்டாலே ரத்தம். அதனால் தேய்ப்பதையே விட்டுவிட்டேன்."

"வயிற்றுப்பிள்ளை பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சுகிறது, அண்ணா. எல்லாம் பிரசவம் ஆனபிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றாள் தங்கை.

இந்த வசனத்தை எங்கேயோ கேட்டிருக்கிறேனே! எங்கே என்ன, என் வாயிலிருந்துதான். முப்பது வருஷங்களுக்கு முன் பல் வலிக்கிறதென்று மனைவி சொன்னபோது, இதையே பெரிய மேதாவிபோல் சொன்னவன் நான். பிரசவம் ஆயிற்று, இரண்டு கடைவாய்ப் பற்களும் போயின. இன்றும் அவள் முறுக்கை ஒரு பக்கமாகத்தான் மெல்லுகிறாள்.

மலையை மறந்து மூவரும் பல் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் பொறுமையாக விளக்கினார். பிள்ளை தாயின் பல்லை உறிஞ்சுவதில்லை. உணவில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளுமாம். கர்ப்ப காலத்து ஹார்மோன்களால், பல்லில் படியும் அழுக்குக்கு ஈறு சட்டென்று வீங்கிவிடும். தேய்க்காமல் விட்டால் ரத்தம் அதிகமாகுமே தவிரக் குறையாது. மெல்லிய பிரஷ்ஷால் இருவேளை தேய்க்க வேண்டும். வாந்தியெடுத்த உடனே தேய்க்காமல், சமையல் சோடா கலந்த நீரில் கொப்பளித்து, அரை மணி கழித்துத் தேய்ப்பது நல்லது. பல்லைச் சுத்தம் செய்வதும், அடைப்பதும், அவசியமானால் மரத்துப்போக ஊசி போட்டுப் பிடுங்குவதும் கர்ப்பிணிக்கு ஆகாதவையல்ல. நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம்வரை அதற்குச் சௌகரியமான காலம். மருந்து மட்டும் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. டெட்ராசைக்ளின் போன்றது பிறக்கப்போகும் குழந்தையின் பல்லிலேயே கறையேற்றிவிடும்.

வெளியே வந்தபோது ராஜகிரி மாலை வெயிலில் நின்றது. 1690 முதல் எட்டு வருஷம் மொகலாயரின் முற்றுகையைத் தாங்கிய கோட்டை! என் மனைவியின் பற்களுக்கு அப்படி ஒரு காவல் நான் வைக்கவில்லை.

ஊர் திரும்பி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இப்போதாவது தெரிந்ததே" என்றாள். சொல்லிவிட்டு, முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.