முகமாலை: முன்னரங்கின் ஊர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்கிழக்கு முனை ஒடுங்கிய தரைத்துண்டு. மேற்கே கிளாலிக் கடனீரேரி, கிழக்கே நாகர்கோவில் கடற்கரை. நடுவே ஏ-9 வீதியில், பளைக்கு வடக்கே முகமாலை இருக்கிறது. தென்னையும் பனையும் நிற்கும் மணற்பாங்கான இந்த ஊர், கிளிநொச்சி மாவட்டத்தின் பச்சிலைப்பள்ளிப் பிரதேசத்தைச் சேர்ந்தது.

குடாநாட்டுக்கான தரைப்பாதை இவ்வழியே போவதுதான் ஊரின் தலைவிதியை எழுதியது. 2000 ஏப்ரலில் இலங்கை இராணுவத்தின் ஆனையிறவுப் படைத்தளம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தபின், கிளாலி, முகமாலை, நாகர்கோவில் வழியாக இரு தரப்பின் முன்னரங்கக் காவலரண்களும் எதிரெதிரே அமைந்தன. 2002 போர்நிறுத்தக் காலத்தில் யாழ்ப்பாணம் போவோரும் வருவோரும் இறங்கிச் சோதனைக்கு நின்ற இடம் முகமாலை. 2006 ஆகஸ்ட் 11 அன்று சண்டை வெடித்ததும் அந்த வழி அடைபட்டது. அதே ஆண்டு ஒக்டோபரிலும் 2008 ஏப்ரலிலும் பெருஞ்சண்டைகள் நடந்தன. 2009 ஜனவரியில் இராணுவம் இதைக் கடந்து தெற்கே முன்னேறியது.

பல ஆண்டுகள் பெரிதும் அசையாமல் கிடந்த அந்த முன்னரங்கக் கோட்டின் முன்னால், இரு தரப்பும் மிதிவெடிகளை அடுக்கடுக்காகப் புதைத்தன. உலகில் மிதிவெடிகள் மிக நெருக்கமாகப் புதைக்கப்பட்ட இடங்களுள் ஒன்றாக முகமாலை இன்று பேசப்படுவது அதனால்தான். பாகிஸ்தான் தயாரிப்பான பி-4, சீனாவின் டைப் 72, புலிகள் தாமே செய்த 'ஜொனி' எல்லாம் இந்த மண்ணில் உண்டு. முதல் இரண்டும் பிளாஸ்டிக் உறை கொண்டவை. அவற்றில் உலோகம் மிகச் சொற்பம் என்பதால் உலோகங்காட்டும் கருவியின் ஒலியை மட்டும் நம்பித் தேட முடியாது. எறிகணைகள் மண்ணைக் கிளறிப் போட்ட இடங்களில், ஒழுங்கான வரிசையில் புதைத்தவையும் இடம் மாறியிருக்கும். வெடிக்காத மோட்டார் குண்டுகளும் கைக்குண்டுகளும் அவற்றுக்கிடையே கிடக்கின்றன.

ஆகவே வேலை கையாலேயே பெருமளவு நடக்கிறது. கயிறு கட்டிப் பிரித்த ஒடுங்கிய கீற்றில், முகக்கவசமும் மார்புக்கவசமும் அணிந்த பணியாளர் முழந்தாளிட்டு, மண்ணை வாரியால் மெல்ல மெல்ல வழித்துக்கொண்டே முன்னேறுவார். மண் அணைகளும் பதுங்குகுழிகளும் உள்ள இடங்களுக்குக் கவசமிட்ட இயந்திரங்கள் வரும். ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்களில் இந்தப் பணியைச் செய்வோரில் கணிசமானோர் வடபகுதிப் பெண்கள். அவர்களுள் பலர் போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தாமே தாங்குபவர்கள். வெயிலில் நாள் முழுதும் குனிந்து செய்யும் இந்த வேலையில் ஒரு கண நேரக் கவனக்குறைவுக்கும் இடமில்லை. அவர்களுடைய பொறுமைக்கு இந்த மண் பெரிதும் கடன்பட்டிருக்கிறது. தோண்டும்போது போரில் மாண்டவர்களின் எலும்புகளும் சீருடைத் துண்டுகளும் வெளிப்படுவதுண்டு. அப்போது பணியை நிறுத்தி, நீதிமன்றத்துக்கு அறிவித்து, எச்சங்களை முறைப்படி எடுக்க வேண்டும்.

துப்புரவாக்கிய பகுதிகளில் மக்கள் மீளக் குடியேறியிருக்கிறார்கள். 2014இல் ரயிலும் முகமாலையைக் கடந்து மீண்டும் யாழ்ப்பாணம் போனது. ஆனால் வீதியும் தண்டவாளமும் திறந்த பிறகும், மண்டையோடு வரைந்த எச்சரிக்கைப் பலகைக்கு அப்பாலுள்ள தோட்டமும் கிணறும் சொந்தக்காரருக்கு எட்டாதவையாகவே நெடுங்காலம் இருந்தன. விறகு பொறுக்குவதும் பழைய இரும்பு சேர்ப்பதும் ஆபத்தானவை. குப்பைக்கு வைத்த தீயின் சூட்டில் மண்ணுக்கடியிலிருக்கும் குண்டு வெடித்துவிடக்கூடும். வறுமை மிகுந்த வீட்டில்தான் இந்த ஆபத்துக்குத் துணிய வேண்டியிருக்கிறது என்பது மிகக் கொடியது.

ஆட்களைக் கொல்லும் மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அதன்படி, தெரிந்த மிதிவெடி நிலங்கள் அனைத்தையும் துப்புரவாக்க அது நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து அந்நாட்டுக்குக் கிடைத்த பத்தாண்டுத் தவணை 2028 ஜூன் 1 வரை நீள்கிறது.