வாங்கினால் சொந்தமா?

பி.காம்.மில் உருட்டி உருட்டிப் படித்தது 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம். விலை வாங்கிக்கொண்டு பொருளின் உரிமையை மாற்றிக் கொடுத்தால்தான் அது விற்பனை. சீனியரிடம் பாதி விலைக்கு வாங்கிய என் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம், அவர் பென்சில் கிறுக்கல் உட்பட, எனக்கே சொந்தம். நாளைக்கு ஜூனியர் தலையில் கட்டிவிடுவேன் :-)

மின்னூலில் இந்தப் பாச்சா பலிக்காது. 2009 ஜூலையில் அமேசான், அமெரிக்க வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலைச் சொல்லாமல் கொள்ளாமல் அழித்தது. (அதுவும் எந்தப் புத்தகம் பாருங்கள்!) காப்புரிமை இல்லாத யாரோ விற்றுவிட்டார்களாம். பணம் திரும்பி வந்தது. ஆனால் ஒரு பள்ளி மாணவர் படித்துக்கொண்டே எழுதிவைத்த குறிப்புகள் வீணாய்ப் போயின.

எழுதியவருக்குக் காசு போய்ச் சேரணும், மறுக்கவில்லை. விற்றவனைப் பிடியுங்கள். என் அலமாரியில் ஏன் கை வைக்கணும்?

கலிபோர்னியாவில் 2025 முதல், தருவது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' பட்டன் வைக்கக் கூடாது. நம்ம ஊரிலும் அப்படி ஒன்று வந்தால் தேவலை.