நாலு மில்லிமீட்டர் வண்டு

பாட்டிக்கு ஒரு வண்டைக் காட்டத்தான் பழைய லைட் மீட்டர் ஒன்றை வாங்கினேன்.

1970களில் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பாட்டிக்கு மகரந்தம் தூவும் வேலை. செம்பனையின் ஆண் பூவிலிருந்து எடுத்த மகரந்தத்தை டால்கம் பவுடரில் கலந்து, மலர்ந்த பெண் பூக்களைத் தேடித் தேடி அடிக்க வேண்டும். 1981இல் அந்த வேலைக்கென்றே கேமரூன் நாட்டு வண்டு ஒன்றை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். எலேயிடோபியஸ் கேமரூனிக்கஸ் என்று பெயர். "ஆப்பிரிக்காவுல இருந்து பூச்சி வந்திருக்கு, நீங்க உதிரி பொறுக்கப் போங்கன்னுட்டாங்க" என்பார் பாட்டி. கண்புரை எடுத்த பிறகு ஒருநாள், "அதையும் ஒரு தடவ காட்டிடு தம்பி" என்றார்.

கோலசிலாங்கூர் என்றால் எல்லாரும் கம்போங் குவாந்தான் மின்மினிகளைத்தான் கேட்பார்கள். அங்கே பிளாஷ் அடிக்கக் கூடாது. என் வண்டுக்கோ பிளாஷ் இல்லாமல் ஆகாது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இந்த வட்டாரத்தில்தான், தென்னமரம் தோட்டத்தில், ஹென்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரரால் உருவானது. பெயரில் தென்னை, நட்டது செம்பனை! நான் போனது அங்கே அல்ல, புக்கிட் ரோத்தானில் மாமாவின் மூன்று ஏக்கருக்கு. மறுநடவு செய்த இளம் மரங்கள் என்பதால் ஆண் பூ கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. சோம்பு வாசம். அதன் மேல் கறுப்புப் புள்ளிகளாக வண்டுகள்.

என்னிடம் இருந்தது பழைய 55 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ், அதற்கொரு எக்ஸ்டென்ஷன் டியூப், கையால் அளவு வைக்கும் பிளாஷ். எதுவும் கேமராவோடு பேசாது. மீட்டரின் வெள்ளைக் குமிழைப் பூவுக்குப் பக்கத்தில் பிடித்து பிளாஷை அடித்தேன். எஃப் 16 என்றது. அப்படியே வைத்து எடுத்தேன். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் அத்தனையும் இருட்டு.

அடுத்த வாரம் ஷட்டரை மெதுவாக்கிப் பார்த்தேன். பின்னாலிருந்த ஓலை மட்டும் வெளுத்தது, வண்டு அப்படியேதான். பிளாஷின் ஒளி கண்ணிமைக்கும் முன் வந்து போய்விடும். அதற்குப் பிறகு ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தால் என்ன?

மீட்டர் பொய் சொல்லவில்லை. பூவின் மேல் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதைச் சரியாகத்தான் சொன்னது. வண்டு கறுப்பா, பூ வெளுப்பா என்பதெல்லாம் அதைக் குழப்பாது. ஆனால் பூவிலிருந்து சென்சாருக்குப் போகும் வழியில் எவ்வளவு குறைகிறது என்பது அதற்குத் தெரியாது. டியூப் போட்டு லென்ஸை நீட்ட நீட்ட ஒளி பரவி மெலிகிறது. கணக்கு எளிது: உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டு, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கு. அசல் அளவில் எடுத்தால் இரண்டை இரண்டால் பெருக்கி நாலு. நாலில் ஒரு பங்கு ஒளிதான் வந்து சேரும், அதாவது இரண்டு ஸ்டாப் நஷ்டம். பாதி அளவென்றால் 2.25, ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல். எஃப் 16 என்று மீட்டர் சொன்னால் நான் எஃப் 8 வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு தப்பும் செய்திருந்தேன். பிளாஷ் பூவிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருந்தது. குமிழை ஐந்து சென்டிமீட்டர் முன்னால் பிடித்துவிட்டேன். அந்த இடத்தில் ஒளி ஏறக்குறைய 1.8 மடங்கு. பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்கு எழுதிய பாடம்தான்! பொறியியல் பட்டம் வாங்கியவனுக்கு ஒரு வண்டு மறுபடியும் நடத்த வேண்டியிருந்தது.

மூன்றாவது முறை, வண்டு உட்காரும் இடத்திலேயே குமிழை லென்ஸைப் பார்க்க வைத்து அளந்தேன். இரண்டு ஸ்டாப் திறந்தேன். படம் கிடைத்தது. உடம்பு முழுக்க மெல்லிய மயிர், அதில் ஒட்டிய மகரந்தத் தூள், நீண்டு வளைந்த மூக்கு.

பாட்டி மடிக்கணினியில் வெகுநேரம் பார்த்தார்.

"எவ்ளோ பெருசு இது?"

"நாலு மில்லிமீட்டர்கூட வராது பாட்டி."

"மேலெல்லாம் தூள பூசிக்கிட்டு நிக்குது பாரு. நாங்களும் அப்படித்தான் வீட்டுக்கு வருவோம். ஒங்க தாத்தா, பேயாட்டம் இருக்கன்னு சிரிப்பாரு."

கோபமாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மழ நாள்லயும் இதுக்கு வேல உண்டா?"