ஏட்டில் ஏறாத உண்மை



இரயில்வே அலுவலகத்தில் பேரேடுகளோடு காலந்தள்ளுபவன் நான். கணக்குப் பிழையாக எழுதப்பட்டால் மூட்டை ஊர் போய்ச் சேராது என்பதை நன்கறிந்தவன். அத்தகைய நானே ஒரு பிழைக் கணக்குக் கொடுத்த செய்தியை இங்கே ஒளிக்காமல் உரைக்கிறேன்.

தேவிகுளத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஆயுளெல்லாம் உழைத்தவர் என் தந்தையார். முழங்கால் வலிக்கென ஒருமுறை எழுதித் தரப்பட்ட டிரமடால் மாத்திரையை, அதே பழைய சீட்டைக் காட்டி ஈராண்டுகள் வாங்கி உண்டார். வலி தணிந்தும் மாத்திரை அவரை விடவில்லை. ஓரிரவு அளவு மீறியது. வலிப்புக் கண்டு, மூச்சுத் தளர்ந்து நினைவிழந்தார். ஜீப்பில் கொண்டு சென்றோம். மருத்துவரின் திறமையால் பிழைத்தார்.

புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் 1995 முதல் இயங்கிவரும் தேசிய நச்சுத் தகவல் மையத்தோடு அம்மருத்துவர் தொலைபேசியில் பேசினார். வயது, மருந்து, அளவு, உண்ட நேரம் ஆகியவற்றோடு, “எதனால் உண்டார்?” என்றும் என்னை வினவினார். ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி, “தவறுதலாக” என்றேன்.

அவ்வினாவின் அருமையைப் பின்னரே உணர்ந்தேன். இத்தகைய அழைப்புகளை மருந்து, வயது, ஊர், காரணம் என வகுத்துப் பார்த்தால், எம்மருந்து எங்கே தவறாகப் பயன்படுகிறது என்பது புலப்படும். அமெரிக்காவில் 1996-இல் விற்பனைக்கு வந்த ஆக்ஸிகான்டின் என்னும் வலிமருந்தைப் பலர் பொடித்துப் போதைக்குப் பயன்படுத்தினர். 2010-இல் எளிதில் பொடிக்க இயலாத மாத்திரை வந்தபின் அதனைத் தவறாகப் பயன்படுத்துவோர் குறித்த அழைப்புகள் குறைந்தமையை நச்சு மையங்களின் பதிவேடுகளே காட்டின. நம் நாட்டிலும் டிரமடால் 2018-இல் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இம்மருந்தை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைத் தனி ஏட்டில் எழுதி மூன்றாண்டுகள் காத்தல் வேண்டும் என்னும் விதி 2014 முதலே உண்டு.

எனினும், அழைக்காதவர் எந்தக் கணக்கிலும் இல்லை. பொய்யுரைத்தவரோ பிழைக் கணக்கில் இருக்கிறார். என் ஒரு சொல்லால், தோட்டத்து முதியவர் ஒருவர் மாத்திரைக்கு அடிமையான உண்மை மறைந்துபோயிற்று.

இன்று தந்தையார் மருத்துவர் சொற்படி மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்து வருகிறார். நான் சொன்ன பொய்யைக் கேட்டு, “எனக்கு வந்தது நோய்தானே தம்பி, திருட்டா?” என்றார். எனக்கு விடை கூற நா எழவில்லை.

அன்பர்களே, அம்மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. அதனை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள்.