ஓட்டு நடக்காத ஊரும் 37,000 ரூபாயும்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆராய்ச்சி ஆசை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது உதவித்தொகை ஆசை. காரைக்கால் கோர்ட்டில் ஜூனியராக இருந்தபோது சீனியர் கொடுத்த பணம் பெட்ரோலுக்கும் டீக்கும் சரியாகப் போனது. யுஜிசி நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. எந்த அறிவுத் தாகமும் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முனைவர் பட்டத்துக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, நேர்முகம் மட்டும். ஆனால் அங்கே கேள்வியோடு போக வேண்டும். உள்ளாட்சிச் சட்டம் என்றதும் பெரும்பாலோர் கேரளத்துக்குத்தான் ஓடுவார்கள். 1996இல் தொடங்கிய மக்கள் திட்டம் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகம் இருக்கிறது. நான் காரைக்காலை எடுத்தேன். ஊர்ப்பற்று என்று நினைக்க வேண்டாம். போட்டிக்கு ஆளில்லை, வீட்டுச் சாப்பாடு, கோப்பு பார்க்க டவுன் பஸ் போதும்.

எடுத்த பிறகுதான் அந்த விஷயத்தின் கனம் தெரிந்தது. இங்கே ஒரு நகராட்சி. கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள். 1880 மார்ச் 12ஆம் தேதி ஆணையால் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த முனிசிபல் முறையின் வாரிசுகள் இவை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடி, இந்தியாவோடு சேர்வதா என்று வாக்களித்தவர்கள் பிரதிநிதி சபை உறுப்பினர்களும் முனிசிபல் கவுன்சிலர்களும்தான். 178 பேரில் 170 பேர் சேரலாம் என்றார்கள். எந்த நாட்டில் இருப்பது என்பதையே கவுன்சிலர்களிடம் விட்ட மண்ணில், 1968க்கு அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2006இல்தான் நடந்தது! அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேதி அறிவித்தார்கள். வார்டு இடஒதுக்கீட்டு வழக்கில் அதுவும் நின்றது. வாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே மட்டும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல மாட்டேன். 2016க்குப் பிறகு சில வருடங்கள் அங்கேயும் தனி அலுவலர்கள் ஆட்சிதான்.

நேர்முகத்தில் குழுவின் மூத்த பேராசிரியை என் ஆய்வுத் திட்டத் தாளைப் புரட்டிவிட்டு, "தேர்தல் நடக்கலைங்கறது அரசியல். சட்டம் எங்கே?" என்றார்.

"எங்க வீட்டு வரி ரசீதுல இருக்கு மேடம்."

சிரித்தார்கள். நான் விளக்கினேன். ஐந்தாண்டு முடியுமுன் தேர்தலை முடித்துவிட வேண்டும் என்கிறது அரசமைப்பின் 243E பிரிவு. நகராட்சிகளுக்கும் அதே விதிதான். 2006இல் கிஷன் சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அதை அழுத்திச் சொன்னது. சரி, நடத்தவில்லை. மன்றத்தின் இடத்தில் அதிகாரி உட்கார்ந்து போடும் வரி உத்தரவு செல்லுமா? கோகராஜு ரங்கராஜு வழக்கில், 1981இல், நீதிபதியின் நியமனத்தில் கோளாறு இருந்தாலும் அவர் கொடுத்த தீர்ப்பு செல்லும், இல்லையென்றால் பொதுமக்கள்தான் அவதிப்படுவார்கள் என்றது உச்ச நீதிமன்றம். ஒரு நியமனக் கோளாறுக்குச் சொன்ன நியாயத்தை, மன்றமே இல்லாத பத்து வருடத்துக்கு மேலான காலத்துக்கும் இழுக்க முடியுமா?

பேராசிரியை பேனாவை எடுத்தார். "பிரெஞ்சு தெரியுமா?"

"தெரியாது மேடம். எதிர்வீட்டுல பிரெஞ்சு பென்ஷன்காரர் ஒருத்தர் இருக்கார். கத்துக்குவேன்."

இடம் கிடைத்தது. விண்ணப்பிக்கிறவர்கள் என்னிடம் வந்தால், தாளின் முதல் பக்கத்தில் ஜனநாயகம், அதிகாரப் பரவல் என்று ஆரம்பிக்காதே, யாரோ ஒருவர் கையெழுத்திட்ட ஒரு காகிதத்தில் ஆரம்பி என்கிறேன். கேட்பவர்கள் குறைவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021இல் தேதி அறிவித்தபோது, கவுன்சிலருக்கு நிற்கத் தயாரான நண்பனின் அப்பாவுக்கு நான்தான் மனு நிரப்பிக் கொடுத்தேன். அவரைவிட எனக்கே உற்சாகம் அதிகம். இப்போது வார்டு மறுவரையறை என்று பேப்பரில் ஒரு வரி வந்தாலும் முதலில் என் அத்தியாயங்களுக்கு என்ன ஆகும் என்றுதான் பார்க்கிறேன். ஊரில் ஓட்டு நடக்காததற்கு எனக்கு மாதச் சம்பளம். நண்பனின் அப்பா கடைத்தெருவில் பிடித்துக்கொண்டு, "என்ன தம்பி, எலெக்‌ஷன் வருமா?" என்று கேட்டால், "வரணும் மாமா" என்கிறேன். பாதிப் பொய்.

இதை நெறியாளரிடம் சொன்னேன். "வந்தா வரட்டுமே. 2011லேர்ந்து வாங்கின வரி அப்படியேதானே இருக்கு, உன் கேள்வி எங்கே போகுது?" என்றார். அதைக் கேட்டு நிம்மதியானேன் என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.