அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பெருநகரங்களில் வளரும் நம் பிள்ளைகளின் பேச்சில் இந்நாட்களில் ஒரு விளையாட்டின் பெயர் அடிக்கடி வருகிறது. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். 'நிலவறைகளும் வலுசர்ப்பங்களும்' என்று அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். வெளிப்படுத்தின விசேஷத்தை வாசித்து வளர்ந்த எவருக்கும் நெஞ்சு ஒரு கணம் திடுக்கிடும்.

நவி மும்பையிலுள்ள எங்கள் வீட்டிற்கு அது ஓர் அட்டைப் பெட்டியாக வந்து சேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மைத்துனர், தம் பிள்ளைகள் ஆடி முடித்த பெட்டியை ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதே வாரம் எங்கள் சபையின் மூப்பர் ஒருவர் வீட்டிற்கு ஜெபிக்க வந்தார். என் மனைவி காய்ச்சலில் கிடந்த நாட்களில் நள்ளிரவிலும் வந்து துணை நின்றவர் அவர். ஆகவே அவர் சொல்லை நான் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. மேசையின்மேல் பெட்டியைக் கண்டவர், "பிரதர், எபேசு பட்டணத்தார் தங்கள் மாயவித்தைப் புத்தகங்களை என்ன செய்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும்" என்றார். சுட்டெரித்தார்கள். மகன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு வாரம் தாருங்கள் ஐயா, முழுவதும் வாசித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

அது 2014-இல் வெளியான தொடக்கப் பெட்டி. உள்ளே 32 பக்க விதிப் புத்தகம் ஒன்று, 64 பக்கக் கதைப் புத்தகம் ஒன்று, ஐந்து பாத்திரங்களின் விவரம் அச்சிட்ட தாள்கள், ஆறு பகடைகள். பலகையும் இல்லை, காய்களும் இல்லை. ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுத் தாங்கள் செய்யப்போவதை வாயால் சொல்லுகிறார்கள். பூட்டிய கதவை ஒருவன் முட்டித் திறக்க முயலுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது முகமுள்ள பகடையை உருட்டி, அவனுடைய பலத்திற்குரிய எண்ணை அதோடு கூட்டி, கதவுக்குக் குறித்த எண்ணை எட்டினால் கதவு திறக்கும். இல்லாவிட்டால் வேறு வழி தேட வேண்டும். பணயம் கிடையாது. ஒருவர் வென்று மற்றவர் தோற்பதும் கிடையாது. பகடை என்றாலே நமக்குச் சூதாட்டம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் ஊரில் திண்ணையில் அமர்ந்து தாயம் ஆடிய நம் ஆச்சிமார்கள் எவரும் வீட்டைத் தோற்றதில்லை.

இந்த விளையாட்டை அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்கி 1974-இல் வெளியிட்டார்கள். அதுவும் பெட்டிதான், உள்ளே மூன்று சிறு புத்தகங்கள். பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாட்டு ஆடிப் பழகியவர்களுக்கே அது விளங்கிற்று. புதியவர்களுக்காக எரிக் ஹோம்ஸ் என்னும் நரம்பியல் மருத்துவர் 1977-இல் எளிய பெட்டி ஒன்றைத் தொகுத்தார். இடையில் பகடைகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, எண் அச்சிட்ட அட்டைச் சீட்டுகளை வெட்டிக் கலந்து எடுத்து ஆடும்படி வைத்து விற்றார்கள். 1983-இல் வந்த சிவப்புப் பெட்டியில் பகடையின் எண்களுக்கு நிறம் தீட்ட ஒரு மெழுகு வண்ணக்கோலும் இருந்தது. அதைத் திறக்கும் சிறுவன் தனியாகவே வாசித்து ஆடக்கூடிய ஒரு கதை முதலில் வரும். அதில் அவனுக்கு உதவி செய்த பெண், ஒரு மந்திரவாதியின் கையால் அவன் கண்முன்னே மடிந்துபோகிறாள். பெட்டியின் முதல் பக்கங்களிலேயே பிள்ளைகளுக்கு மரணத்தைக் காட்டத் துணிந்த அந்த ஆசிரியரை எண்ணி வியந்தேன்.

மூப்பரின் அச்சம் காரணமின்றி வந்ததன்று. 1982-இல் அமெரிக்காவில் ஒரு பள்ளி மாணவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அதற்கு இவ்விளையாட்டே காரணமென்று நம்பிய அவனுடைய தாயார் பட்ரீஷியா புல்லிங், மறு ஆண்டில் ஓர் எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கினார். 1984-இல் ஜாக் சிக் என்பவர், இதை ஆடுகிறவர்கள் சூனியத்திற்குள் இழுக்கப்படுகிறார்கள் என்று படக்கதைத் துண்டுப்பிரதி ஒன்றை வெளியிட்டார். நாம் கைப்பிரதி கொடுக்கிற மக்கள். ஒரு கைப்பிரதி எவ்வளவு தூரம் போகும் என்பது நமக்குத் தெரியும். பின்னாளில் நடந்த ஆய்வுகள் இவ்விளையாட்டிற்கும் தற்கொலைக்கும் தொடர்பு உண்டென்று நிறுவவில்லை. ஆயினும் மகனை அடக்கம்பண்ணிய ஒரு தாயின் குரலை ஆய்வுகளைக் காட்டி அடக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த எதிர்ப்புகளுக்குப் பின், 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் பேய், பிசாசு என்னும் சொற்களையே நீக்கினார்கள். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அவை திரும்பி வந்தன.

அந்த 1984-ஆம் ஆண்டிலேயே டிக் வுல்ஃப் என்னும் அமெரிக்கக் கிறிஸ்தவர் 'டிராகன்ரெய்டு' என்றொரு பெட்டியை வெளியிட்டார் என்பதும் என் வாசிப்பில் தெரியவந்தது. அதில் மந்திரத்திற்குப் பதில் வேதவசனம். மனப்பாடம் செய்த வசனத்தை ஆடுகிறவர் பிழையின்றிச் சொன்னால்தான் பாத்திரத்திற்குப் பலன் கிட்டும். நோக்கம் நல்லதே. ஆனால், பகடையோடு சேர்த்து வசனத்தையும் ஆட்டக் கருவி ஆக்குவது எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது.

இனி எங்கள் பெட்டிக்கு வருகிறேன். வண்டி நிறையச் சரக்கேற்றி ஒரு சிற்றூருக்குக் கொண்டுபோகிறவர்களை வழியில் கோப்லின்கள் மடக்குவதோடு கதை தொடங்குகிறது. காணாமற்போன பழைய சுரங்கத்தைத் தேடுவதே அதன் மீதி. செத்தவர்களை எழுப்பி வேலை வாங்கும் மந்திரவாதி ஒருவனும் வருகிறான். அவன் பொல்லாதவனாகவே வருகிறான், அதனால் எனக்குத் தடையில்லை. ஆனால் வேறோர் இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. இறந்துபோன ஒரு பெண்ணின் ஆவியிடம் வெள்ளிச் சீப்பொன்றைக் காணிக்கையாகக் கொண்டுபோய், ஒரு கேள்வி கேட்டு வரும்படி ஆடுகிறவர்களை ஒருத்தி அனுப்புகிறாள். எந்தோருக்கு மாறுவேடத்தில் போன சவுல் ராஜா என் கண்முன் வந்து நின்றார்.

இந்தப் பகுதியை நாம் ஆட வேண்டாம் என்றேன். மகன் கேட்டான்: "அப்பா, சவுல் அங்கே போனதை நாம் வேதத்தில் வாசிக்கிறோமே, அது தப்பில்லையே?"

நியாயமான கேள்விதான். வாசிக்கும்போது "சவுல் போனான்" என்கிறோம். இங்கே மேசையைச் சுற்றி அமர்ந்து "நான் போகிறேன், நான் கேட்கிறேன்" என்கிறோம். கதைப் புத்தகத்திற்கும் இந்தப் பெட்டிக்கும் உள்ள வேறுபாடு அந்த 'நான்' என்னும் ஒரு சொல்லில் இருக்கிறது. அதை அவனிடம் சொன்னேன். சிறிது நேரம் யோசித்தவன், "அப்படியென்றால் பாத்திரம் திருடும்போதும் நான்தானே திருடுகிறேன்?" என்றான். அன்றிரவு வெகுநேரம் பேசினோம். அவன் அத்தனை நேரம் என்னோடு பேசி எத்தனையோ மாதங்களாயிருந்தன.

நல்ல வேளையாக அந்த ஆவியின் பகுதி கிளைக்கதைதான். அதை விட்டாலும் சுரங்கத்திற்கு வழி தடைபடாது. எதை வைப்பது, எதை விடுவது என்பது கதை நடத்துகிறவர் கையில் இருக்கிறது. ஆகையால் நடத்துகிற பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். வாரத்தில் நான்கு நாள் இரவுப் பணிக்குப் போகிறவன் நான். சனிக்கிழமை மாலை மட்டும் ஆடுவதென்று முடிவாயிற்று. எங்கள் பிள்ளைகள் வெளியே இந்தியும் பள்ளியில் ஆங்கிலமும் பேசி, வீட்டில் 'சாப்பாடு', 'தூக்கம்' என்னும் அளவிற்கே தமிழை வைத்திருப்பவர்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட கதையை நான் தமிழில் சொல்லப்போய், அவர்களும் தமிழில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. திருட்டுக் கைவரிசை உள்ள குட்டையன் பாத்திரத்தை என் மனைவி எடுத்துக்கொண்டு, பதுங்கியிருந்த கோப்லின்களோடு கறிக்கடைக்காரரிடம் பேரம் பேசுவதுபோல் பேசினாள். என் தாயார் விளையாட்டில் சேரவில்லை. கட்டிலில் படுத்தபடியே, "அந்தக் குகைக்குள்ளே விளக்கு கொண்டுபோனீங்களா?" என்று கேட்பார்.

மூப்பரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், விட்டுவிட்ட பகுதியையும் சேர்த்து. பொறுமையாகக் கேட்டார். "நீங்கள் கூட உட்காருகிறவரை சரி, பிரதர். பையன் நாளைக்கு வேறொருவர் வீட்டில் உட்காரும்போது?" என்றார். அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. அவரும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பெட்டியில் உள்ளதைவிடப் பெரிய விதிப் புத்தகங்களில் பேய், பிசாசுகளின் படங்களும் விவரங்களும் மிகுதி. அவற்றை வாங்கித் தரும்படி மகன் கேட்டபோது, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அவன் அதற்காக முகம் வாடவில்லை. பழைய கணக்கு நோட்டொன்றில் தானாகவே ஒரு கதை எழுதத் தொடங்கியிருக்கிறான். எங்கள் ஊர்ப் பக்கத்துத் தேரிக்காட்டில் செம்மணலுக்குள் புதைந்த ஒரு வீட்டைத் தேடிப் போகும் கதை. சென்ற சனிக்கிழமை, காற்றடித்தால் அந்த மணல் எப்படி நகரும் என்று தன் ஆச்சியிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அவர் கட்டிலைவிட்டு எழுந்து உட்கார்ந்து, கையால் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.