மன்னவனூர் ஏரிக்கரையில் மூன்று நாட்கள்

கொடைக்கானல் மலைக்கு முதன்முதல் ஓய்வு தேடிச் சென்றவர்களில் பலர் தம் காலால் ஏறியவர்கள் அல்லர். மோட்டார் சாலை ஏற்படுமுன், பெரியகுளத்துப் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து டோலிகளிலும் நாற்காலிகளிலும் அவர்களைத் தோளில் சுமந்து சென்றவர்கள் நம் மக்கள். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிமார் 1845-ல் அங்கே வீடுகள் கட்டினர். சமவெளியின் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தம் மனைவியரையும் மக்களையும் பறிகொடுத்த துயரமே அவர்களை மலையேறச் செய்தது. 1863-ல் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் என்பார் ஓடைகளை மறித்து அணையிட்டு, இன்று ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்பில் நட்சத்திர வடிவில் விளங்கும் ஏரியை உண்டாக்கினார். அதில் மிதந்த முதற்படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது என்பர். 1895-ல் சேசு சபையார் சற்றுக் கீழே செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியை அமைத்தனர். உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும், அந்த ஓய்வு மரமும் நீரும் குளிர்ந்த காற்றும் உள்ள இடத்தில் கிடைக்கும் என்பதை அவர்களெல்லாம் நன்கு அறிந்திருந்தனர். அவர்களைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. டோலி சுமந்தவனுக்கும் ஓய்வு வேண்டுமே, அவன் எங்கே இளைப்பாறினான் என்பதுதான் என் உள்ளத்தில் எழுந்த கேள்வி.

இக்கேள்வி எனக்குத் தோன்றக் காரணம் எங்கள் ஊர். திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை செய்வோர்க்குச் சனிக்கிழமை மாலை சம்பளம். அவசர ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்டு. அதாவது காலை எட்டரைக்கு உட்கார்ந்தவர்கள் இரவு வெகுநேரம் கழித்தே எழுந்திருப்பார்கள். ஞாயிறு பூசைக்கும், துணி துவைக்கவும், கடைவீதிக்கும், மீதி உறங்கவும் போய்விடும். உறக்கத்தையே ஓய்வு என்று நாங்கள் நெடுங்காலமாக எண்ணி வருகிறோம். நான் செக்கிங் பிரிவில் இருபத்தைந்து ஆண்டுகளாக இருப்பவன். உறங்கி எழுந்தும் களைப்பு நீங்காத முகங்களை ஒவ்வொரு திங்கட்கிழமையும் காண்கிறேன்.

சென்ற 2025-ஆம் ஆண்டுப் பொங்கல் விடுமுறையில் மலையேரி ஒன்றின் கரையில் கூடாரமடித்துத் தங்கலாம் என்று என் அக்காள் மகன் சொன்னான். கைப்பேசியில் யாரோ போட்ட படத்தைப் பார்த்ததன் விளைவு. என் தாயார் இதை ஏற்கவில்லை. “வீட்டில் சும்மா கிடைக்கிற குளிரை விட்டுவிட்டுக் காசு கொடுத்து அங்கே நடுங்கப் போகிறீர்களா?” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எட்டுப் பேருக்கு வேன் வாடகை, சாப்பாடு, தங்குமிடம் என்று கணக்குப் பார்த்தால், தலைக்கு ஒரு வாரச் சம்பளத்தில் பாதிக்குமேல் வந்தது. பிள்ளைகளின் படிப்புக்குக் கடன் வாங்கும் குடும்பங்களில் இது விளையாட்டுத் தொகை அன்று. ஆயினும் என் மனைவி, “ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறோமே” என்று ஒரே வரியில் வழக்கை முடித்துவிட்டாள்.

நாங்கள் நால்வர், அக்காள் வீட்டில் இருவர், எங்கள் லைன் வீட்டில் குடியிருக்கும் பெண்கள் இருவர் ஆக எட்டுப் பேர் புறப்பட்டோம். அப்பெண்களில் ஒருத்தி தேனிப் பக்கத்தவள், ஓவர்லாக் தைப்பவள். தீபாவளிக்கு ஊர் சென்று வந்துவிட்டதால் பொங்கலுக்கு மறுபடியும் செலவு செய்ய இயலாமல் இருந்துவிட்டாள். தன் பாட்டியின் தகப்பனார் வெள்ளைக்காரர்களைக் கொடைக்கானலுக்குத் தூக்கிச் சென்றவர் என்று வீட்டில் சொல்வார்கள் என அவள்தான் வேனில் சொன்னாள். தான் இதுவரை அம்மலையை அடிவாரத்திலிருந்து பார்த்ததன்றி மேலே சென்றதில்லை என்றும் சொன்னாள்.

கூடாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காட்டு நிலத்தில் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவதே குற்றம். அங்கே இரவு தங்குவது அதனினும் பெரிது. தனியார் நிலத்திலும் முறையான அனுமதியும் காவலும் இல்லாத கூடாரங்கள் ஆபத்தானவை. 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில், கூடாரத்தில் தங்கியிருந்த ஓர் ஆசிரியையை யானை தாக்கிக் கொன்ற செய்தி பலருக்கு நினைவிருக்கும். ஆகவே அக்காள் மகன் வாடகைக்கு எடுத்துவந்த கூடாரம் வேனிலேயே கிடந்தது. மன்னவனூரில் பூண்டு பயிரிடும் குடியானவர் ஒருவரின் வீட்டுக் களத்தையொட்டிய கொட்டகையில் தங்கினோம். தகரக் கூரை, மண் தரை, மேலே வைக்கோல். திறந்த வெளியில் சமையல். பையனுக்குச் சிறிது வருத்தம்தான். இரண்டாம் நாள் காலையில் களத்தருகே காட்டுமாட்டின் குளம்படிகளைக் கண்டபின் அவன் கூடாரத்தைப் பற்றிப் பேசவில்லை.

தாராபுரத்தை அடுத்து அமராவதியைக் கடந்து, பழனி சென்று, வரதமாநதி அணையின் ஓரமாக மலைப்பாதையில் ஏறினோம். பழனியிலிருந்து கொடைக்கானல் 64 கிலோமீட்டர். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். அதை முன்னரே பெற்றிருந்தோம். நகரத்து ஏரியைச் சுற்றி வண்டிகளும் குதிரைகளும் வாடகைச் சைக்கிள்களும் நெருக்கியடித்துக் கொண்டிருந்தன. படகுத்துறை வரிசையைக் கண்டதும் எங்கள் ஊர்ப் பழைய பேருந்து நிலையம் நினைவுக்கு வந்தது. அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு மேற்கே சென்றோம்.

பூம்பாறையைத் தாண்டியபின் வேறொரு உலகம். மலைச்சரிவெங்கும் படிப்படியாய் வெட்டிய வயல்கள். உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ், பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மன்னவனூரில் நிலம் அலையலையாய்ப் புல்வெளியாகிறது. அதன் மடியில் ஏரி. ஒருபுறம் பைன் மரங்கள், மடிப்புகளில் கருமையாய்ச் சோலைகள். நம் தமிழ்ச் சொல்லாகிய ‘சோலை’யையே உலகத்துத் தாவர நூலார் இவ்வகைக் காட்டுக்குப் பெயராகக் கொண்டுள்ளனர் என்பது நாம் பெருமைப்படத்தக்க சிறு செய்தி. ஏரியில் பரிசல் ஓட்டுகிறார்கள். அவ்வளவுதான், அங்கே வேறு வேடிக்கை அதிகம் இல்லை. எனக்கு அதுவே பிடித்திருந்தது.

பின்னலாடைக்காரர்களாகிய எங்களுக்கு அங்கே எதிர்பாராத உறவு ஒன்று இருந்தது. மத்தியச் செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் 1965 முதல் மன்னவனூரில் இயங்கி வருகிறது. ‘பாரத் மெரினோ’ என்னும் மென்மயிர்ச் செம்மறிகளையும் முயல்களையும் வளர்க்கிறார்கள். நீலகிரி, பழனி மலைகளின் குளிர்தான் இத்தகைய ஆடுகளுக்குத் தெற்கே ஏற்ற தட்பவெப்பம். கம்பளி மயிரை விரலிடையில் வைத்துத் தடவிப் பார்த்தேன். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பருத்தித் துணியில் ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடிப் பழகிய விரல், அதிலும் குறை தேடியது. என் மனைவி சிரித்தாள்.

முதல் இரவில் நிகழ்ந்ததைத்தான் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புகிறேன். ஒன்பது மணிக்கு எல்லோரும் படுத்துவிட்டோம். விளக்கில்லை, வண்டிச் சத்தமில்லை, காற்றும் நின்றுவிட்டது. தேனிப் பெண் எழுந்து களத்தில் போய் உட்கார்ந்தாள். உடம்புக்கு ஏதேனுமோ என்று அஞ்சி என் மனைவி பின்னால் சென்றாள். “ஒன்றுமில்லை அக்கா, காதுக்குள் மிஷின் ஓடுகிறது” என்றாளாம். வீட்டிலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்குமாம். தெருச் சத்தத்தில் தெரியாதாம். இங்கே வேறு ஓசை ஒன்றும் இல்லாததால், ஒன்பது ஆண்டுகளாகத் தன் காதில் தங்கிவிட்ட ஓவர்லாக்கின் இரைச்சலை அவள் முதன்முறையாகத் தனியே கேட்டாள். இருவரும் நெடுநேரம் வானத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். நானும் விழித்திருந்தேன். எங்கள் பிரிவு மிஷின்களுக்குச் சற்று எட்டியது. ஆனாலும் என் காதையும் ஒருமுறை உற்றுக் கேட்டுக்கொண்டேன்.

விடியற்காலையில் ஏரிக்கரைப் புல்லெல்லாம் உறைபனி படிந்து வெளுத்திருந்தது. நீரின்மேல் ஆவி எழுந்து மெல்ல நகர்ந்தது. ஆண்கள் அடுப்பு மூட்டினோம். காபியும் உப்புமாவும் எங்கள் பொறுப்பு என்று முன்பே ஒப்பந்தம். பெண்கள் கரையில் அமர்ந்திருந்தனர். தேனிப் பெண் இரண்டு மணி நேரம் அசையவில்லை. என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டேன். “ஒன்றும் செய்யவில்லை அண்ணா. எதுவும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்தேன்” என்றாள். பீஸ் ரேட்டில் வேலை செய்பவர்களுக்கு இவ்வார்த்தையின் கனம் தெரியும். அவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு. நிமிடத்தைக் காசாக எண்ணப் பழகிய உள்ளம் ஓய்விலும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும்.

ஊர்க்காரர்களிடம் மலையைப் பற்றி நிரம்பக் கேட்டேன். சோலையும் புல்வெளியும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, கோடையில் சிறுகச் சிறுகக் கசியவிடுகின்றன. பைனும் தைலமரமும் சீகை எனப்படும் வாட்டிலும் வெளியிலிருந்து கொணர்ந்து நடப்பட்டவை. வாட்டில் பட்டை தோல் பதனிட உதவும் என்று நட்டார்கள். அது புல்வெளியை விழுங்கிப் பரவிவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சி இப்புல்வெளிச் செடிதான். 2018-ல் பூத்தது, அடுத்து 2030-ல் பூக்க வேண்டும். திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராப்பினாட் உலர்தாவர நிலையத்தை நிறுவிய சேசு சபைக் குரு கே. எம். மத்தேயு, இம்மலைத் தாவரங்களை ஆண்டுக்கணக்கில் நடந்து திரட்டி 1999-ல் பெருநூலாக வெளியிட்டார். அழகென்று நாம் படமெடுக்கும் பைன் காட்டினுள் பறவையொலி குறைவு. சோலையின் ஓரத்தில் நின்றால் காது நிறையும். இந்த வேறுபாட்டை என் மகள்தான் முதலில் கவனித்துச் சொன்னாள்.

இரண்டாம் நாள் பிற்பகல் இன்னொரு கூட்டம் வந்திறங்கியது. வண்டி எண்ணைப் பார்த்தால் எங்கள் மாவட்டம்! ஒலிபெருக்கிப் பெட்டியைப் புல்லின்மேல் வைத்தார்கள். பாட்டு மலையில் மோதித் திரும்பியது. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை இருந்தும் எப்படியோ கொண்டுவந்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த இளைஞர்களின் விரல்களைப் பார்த்தபோது கோபம் பாதி குறைந்தது, நகக்கண்களில் நீலச்சாயம். சாயப்பட்டறைப் பிள்ளைகள். இரைச்சலின்றி மகிழ்ந்திருக்க அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? என் அக்காள் கணவர் சென்று பேசினார். காட்டுமாடு வரும் நேரம், சத்தம் கேட்டு மிரளும் என்றார். பெட்டி நின்றது. சிறிது நேரத்தில் அவர்களில் இருவர் வந்து எங்கள் அடுப்பருகே குளிர் காய்ந்தார்கள்.

“இந்த மலைத் தண்ணீர் எங்கே போகிறது?” என்று பேச்சு வந்தது. பழனிமலையின் வடசரிவில் பெய்யும் மழை குதிரையாறு, பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி என்று இறங்கி, கடைசியில் அமராவதியில் கலக்கிறது. வரும் வழியில் நாங்கள் தாராபுரத்தருகே கடந்த அதே ஆறு. இதைச் சொன்னதும் யாரும் பேசவில்லை. எல்லோர் மனத்திலும் இன்னோர் ஆறு ஓடியிருக்க வேண்டும். வெள்ளியங்கிரியில் இதைப் போன்ற காட்டில்தான் நொய்யலும் பிறக்கிறது. பாசனத்துக்கென்று 1992-ல் அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை, எங்கள் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகி, தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று உழவர்கள் கெஞ்சும் நிலை ஏற்பட்டது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது; கழிவுநீரை ஒரு துளியும் வெளிவிடாத ஏற்பாடு செய்தவை பின்னர்த் திறந்தன. அவ்வாண்டு வேலையிழந்து ஊர் திரும்பியவர்களை நான் அறிவேன். அணைக்குக் கீழே தென்னை பட்டுப்போனவர்களையும் அறிவேன். மலை என்றால் தூய்மை என்றும் சொல்லிவிட முடியாது; கொடைக்கானலிலேயே வெப்பமானி செய்த தொழிற்சாலை ஒன்று பாதரசக் கழிவினால் 2001-ல் மூடப்பட்டது. சாயப்பட்டறைப் பிள்ளை ஒருவன் ஏரியைக் காட்டி, “இதில் எங்கள் பட்டறைத் தண்ணீர் ஒரு குடம் ஊற்றினால் என்னாகும் அண்ணா?” என்று கேட்டான். விளையாட்டாகக் கேட்கவில்லை. நான் பதில் சொல்லுமுன் அவனே பாட்டில்களைப் பொறுக்கப் போய்விட்டான்.

மூன்றாம் நாள் இறங்கினோம். தேனிப் பெண்ணை ஊரிலேயே ஒரு காது மருத்துவரிடம் என் மனைவி அழைத்துச் சென்றாள். இரைச்சல் முற்றிலும் போகாது, மேலும் கூடாமல் காக்கலாம் என்றார் மருத்துவர். அவள் இப்போது காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு தைக்கிறாள். சனிக்கிழமை ஒன்றரை ஷிப்டுக்கு வர இயலாது என்று தன் சூபர்வைசரிடம் சொல்லிவிட்டாள். வாரத்துக்கு முந்நூறு ரூபாய்க்குமேல் குறைகிறது. அந்தக் குறைவை அவள் குடும்பம் எப்படி ஈடுகட்டுகிறது என்பது வேறு கதை.

எங்கள் லைன் வீட்டில் வாரந்தோறும் தலைக்கு ஐம்பது ரூபாய் சேர்த்து வருகிறோம். பெயரெழுதும் நோட்டு அக்காள் மகனிடம் இருக்கிறது. பதினாறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் இருவர் ஒடிசாக்காரர். பதினாறாம் பெயர் என் தாயாருடையது. அதன் எதிரில், ‘கம்பளி இரண்டு’ என்று எழுதச் சொல்லியிருக்கிறார்.